கீமோ ஏத்தக்குள்ள பீரியட்ஸ் நிண்டா: ஹோமோன் கணக்க எப்படிப் பாக்கிற

அக்காவுக்கு மூணாவது கீமோ ஏத்தின மாசம் மாதவிடாய் வரல்ல. அம்மா சொன்னா, "நல்லதுதானே புள்ள, இந்தக் கிடையில அது வேறயா." எதிர்வீட்டு மாமி ஒருபடி மேல போய், "இனி அது நிண்டுட்டு, மாப்பிளப் பயமும் இல்ல, புள்ளப் பயமும் இல்ல" எண்டு சிரிச்சா. அக்காவும் சிரிச்சா. மறுகாதான் தெரிஞ்சிச்சு அதுல பாதி பிழை எண்டு, அந்தப் பாதிப் பிழையால மருந்தே மாறிப் போகப் பாத்த கதையும் இருக்கு, கீழ சொல்றன்.

நான் டொக்டருமில்ல நர்ஸுமில்ல. களுவாஞ்சிக்குடில இருந்து அக்காவக் கூட்டிக்கொண்டு விடிய பஸ் ஏறி மட்டக்களப்பு போய், கிளினிக் கொப்பியக் கையில வச்சிக்கொண்டு எட்டுத் தரமும் பக்கத்துல குந்தியிருந்த ஆள், அவ்வளவுதான். அக்காவுக்கு அப்ப 38 வயசு, மார்புப் புத்துநோய், ஈஆர் பொசிட்டிவ். முதல் நாலு தரம் செவப்பு மருந்தும் சைக்ளோபொஸ்பமைடும், பிறகு நாலு தரம் வேற மருந்து, 21 நாளைக்கு ஒருக்கா. உங்கட ஆளுக்கு மருந்து வேறயா இருக்கலாம், அதால இதுல உள்ளத வச்சி நீங்களா ஒண்டையும் நிப்பாட்டவோ தொடங்கவோ வேணாம், டொக்டர்ட்டக் கேக்கிறதுக்கு எடுத்துக்கொள்ளுங்க.

முதல் ஊசிக்கு முந்தியே மூணு வேல இருக்கு, பிறகு செய்யலாமெண்டு விட்டா அதுக்குப் பிறகு ஏலா. ஒண்டு, பயொப்ஸி ரிப்போர்ட்டுல ஈஆர், பிஆர் எண்டு ரெண்டு இருக்கும், பொசிட்டிவா நெகட்டிவா எண்டு பாத்து கொப்பிட முதல் பக்கத்துலயே எழுதுங்க. ஈஸ்ட்ரஜன், புரோஜெஸ்டரோன் எண்ட ஹோமோன்களக் கொண்டு வளர்ற கட்டியா எண்டுதான் அது சொல்லுது, பின்னால வாற குளிசைக் கதை முழுக்க இதுலதான் நிக்கும். ரெண்டு, கடைசியா மாதவிடாய் வந்த திகதி, வழமையா எத்தன நாளுக்கு ஒருக்கா வரும் எண்டதும். மூணாவது, இனிப் புள்ள வேணுமா எண்ட கேள்வி. நம்மட பக்கம் இதக் கேக்க எல்லாருக்கும் வெக்கம், "உயிர் தப்பினாப் போதும்" எண்டு மூத்தாக்கள் வாய அடைச்சிருவாங்க. ஆனா கேக்க வேண்டியது கீமோக்கு முந்தித்தான். முட்டைய எடுத்து உறைய வைக்கிற முறைக்கு ரெண்டு கிழமையளவு போகும், செலவும் கூட, எல்லாருக்கும் சரிவராது. இன்னொரு வழி கொசரலின் எண்ட ஊசி, கீமோக்கு ஒரு கிழமைக்காவது முந்தித் தொடங்கி சூலகத்தத் தூங்க வைக்கிறது. 2015ல வந்த போயம்ஸ் எண்ட ஆய்வுல, ஹோமோன் நெகட்டிவ் ஆக்கள வச்சிப் பாத்தவங்க, கீமோ மட்டும் எடுத்தாக்கள்ல நூத்துக்கு 22 பேருக்கு ரெண்டு வருசத்துல சூலகம் செயலிழந்து இருந்திச்சு, இந்த ஊசியும் சேத்துப் போட்டாக்கள்ல 8 பேருக்குத்தான். கல்யாணம் கட்டாத தங்கச்சிமாருக்கு இது கட்டாயம் தெரிஞ்சிருக்க வேணும்.

சரி, உள்ளுக்குள்ள என்ன நடக்குது. எனக்கு விளங்கினத நம்மட வயல் கதையாவே சொல்றன். பொம்புளட சூலகத்துல உள்ள முட்டையெல்லாம் பட்டறையில கட்டி வச்ச விதைநெல்லு மாதிரி, புறக்கக்குள்ளயே கொண்டு வாறது, புதுசா ஒண்டும் சேராது. ஒவ்வொரு மாசமும் அதுல கொஞ்சத்த எடுத்து விதைக்கிற, வளர்ற அந்தப் பயிர்தான் ஈஸ்ட்ரஜனச் சுரக்கிற. கீமோ வேகமா வளர்றதத்தான் முதல்ல அடிக்கும், அப்ப நிக்கிற பயிர் சாகும், ஈஸ்ட்ரஜன் விழும், மாதவிடாய் நிக்கும். ஆனா பட்டறையில விதைநெல்லு மிச்சமிருந்தா அடுத்த போகத்துக்குத் திரும்ப முளைக்கும்தானே. சைக்ளோபொஸ்பமைடு மாதிரி மருந்துகள் பட்டறைக்குள்ள சும்மா கிடக்கிற நெல்லையும் சேத்து அவிக்கும், அதால அதுட அளவு கூடக்கூட சேதமும் கூட. எல்லாரும் செவப்பு மருந்தக் கண்டுதான் பயப்பிடுற, சிறுநீரே செவப்பாப் போகுமே, ஆனா சூலகத்துக்குக் கூடக் கெடுதி தண்ணி மாதிரி பக்கத்துல தொங்குற மத்தப் பைதான்.

மூளைக்குக் கீழ உள்ள கபச்சுரப்பிதான் இதுல போடியார், வயல் சொந்தக்காரப் பெரியாள். வயல்ல பயிரக் காணாட்டி "விதையுங்கடா" எண்டு சத்தம் போடுவார், அந்தச் சத்தம்தான் எஃப்எஸ்எச். பயிர் இல்ல எண்டா சத்தம் கூடும், அதாலதான் ரத்த டெஸ்ட்டுல ஈஸ்ட்ரடயோல் (ஈஸ்ட்ரஜன்ட முக்கிய வகை) குறைஞ்சி எஃப்எஸ்எச் கூடி வாற. ஏஎம்எச் எண்டு இன்னொண்டு இருக்கு, அது பட்டறையில எவ்வளவு மிச்சமெண்டு ஒரு மதிப்புச் சொல்லும், கீமோ நடக்கக்குள்ள அது மடமடெண்டு விழும், இள வயசாக்களுக்குப் பிறகு கொஞ்சம் ஏறுறதுமுண்டு, அதால கீமோ நடுவுல எடுத்த ஏஎம்எச்சப் பாத்து அழ வேணாம்.

வயசுதான் இதுல பெரிய ஆள். 35க்குக் கீழ உள்ளாக்களுக்குத் திரும்ப வாற சந்தர்ப்பம் நல்லாவே இருக்கு, 40 தாண்டினா நிரந்தரமா நிக்கிறது கூட. திரும்ப வாறவங்களுக்கு அனேகமா கீமோ முடிஞ்சி ஒரு வருசத்துக்குள்ள வரும், ரெண்டு வருசம் போய் வந்தாக்களும் இருக்காங்க. அப்ப நாலு மாசம் வரல்ல எண்டதும் "மெனோபோஸ்" எண்டு முடிவு கட்ட ஏலாது.

மறுகா கொப்பி. நாங்க வாங்கினது புள்ளைகள்ட 80 பக்க சிஆர் கொப்பிதான். ஒரு பக்கத்துக்கு ஒரு கீமோ. மருந்து ஏத்தின திகதி, ரத்தப்போக்கு வந்தா திகதியும் அளவும், ஒரு துளி எண்டாலும் எழுதுற, ராவைக்கு எத்தன தரம் வேர்த்து எழும்பினா, நித்திரை எத்தன மணித்தியாலம், காய்ச்சல் பாத்தா எவ்வளவு. அக்காக்கு எழுதப் பஞ்சி, நான் கேட்டுக் கேட்டு எழுதினன், சில பக்கத்துல "வேர்வை 5, சண்டை 1" எண்டும் இருக்கு. கிளினிக்கில டொக்டருக்குக் கிடைக்கிறது கொஞ்ச நிமிசம், "அடிக்கடி வேர்க்குது" எண்டு சொல்றதுக்கும் "போன கிழமை ராவைக்கு 5 தரம், உடுப்பு ரெண்டு தரம் மாத்தின" எண்டு காட்டுறதுக்கும் வித்தியாசம் இருக்கு.

வேர்வைக் கதையக் கொஞ்சம் விளக்கமாச் சொல்ல வேணும், ஏனெண்டா நாங்க பிழை விட்டது இதுலதான். ஈஸ்ட்ரஜன் திடீரெண்டு விழக்குள்ள உடம்புட சூட்டுக் கணக்குக் குழம்பும், நெஞ்சில இருந்து கழுத்து, முகம் எண்டு நெருப்பு ஏறுற மாதிரி வந்து, சில நிமிசத்துல வேர்த்துக் கொட்டி, பிறகு குளிரும். ஒருநாள் ராத்திரி ரெண்டு மணிக்கு அக்கா எழும்பி இருந்தா, கழுத்தெல்லாம் நனைஞ்சி கை நடுங்குது. முந்தின நாலு ராவும் இதே மாதிரி வந்து தானா அடங்கினதால இதுவும் ஹோமோன் சூடுதான் எண்டு நான் நினைச்சிட்டன். அம்மா ரெண்டு பனடோலக் குடுத்துப் படுக்க வச்சா. விடியப் பாத்தா 38.6. கீமோ ஏத்திப் பத்தாம் நாள். வெள்ளைக் கலம் குறைஞ்சி கிருமி ஏறின காய்ச்சல், வார்ட்டுல அஞ்சி நாள் சேலைன். பனடோல் குடுத்ததால ராத்திரியே தெரிய வேண்டிய காய்ச்சல மூடி வச்சிருக்கம். அண்டைக்கு நாங்க வாங்கிக் கட்டின ஏச்சு நியாயமானது.

அதால சூடு ஏறுதெண்டா முதல்ல தேர்மோமீட்டர். தொட்டுப் பாத்துச் சொல்ற பழக்கத்த விடுங்க, ஹோமோன் சூட்டுல தோல் கொதிச்சாலும் உள் சூடு காய்ச்சல் அளவுக்கு ஏறாது. 38 டிகிரியோ கூடவோ காட்டினா, இல்லாட்டி நடுக்கத்தோட குளிர் அடிச்சா, மருந்து ஏத்தி ஏழுல இருந்து பதினாலு நாளுக்குள்ள எண்டா இன்னும் கவனம், நேரம் காலம் பாக்காம பெரியாஸ்பத்திரி. பனடோல் டொக்டர் சொன்னாப் பிறகு. 38க்குக் கீழ, பத்து நிமிசத்துல அடங்குதெண்டா ஹோமோன் எண்டு எடுக்கலாம், ஆனா ஆள் சோர்ந்து வழமை மாதிரி இல்லாட்டி நம்பரப் பாத்துக்கொண்டு இருக்காம போங்க.

உண்மையான ஹோமோன் சூட்டுக்கு வீட்டுல செய்யக்கூடியது: பருத்திச் சோட்டி, தலைமாட்டுல ஃபேன், பக்கத்துல ஒரு போத்தல் தண்ணியும் மாத்துடுப்பும். கச்சான் காத்து அடிக்கிற மாசங்கள்ல பகலைக்கு எல்லாருக்கும்தான் எரியும், அதால அந்த நாளைல ராத்திரிக் கணக்க வச்சிப் பாக்கிறதுதான் சரி. கொதிக்கக் கொதிக்கப் பிளேன்டீ, உறைப்புக் குழம்பு ரெண்டும் அக்காக்கு உடனே சூட்டக் கிளப்பும் எண்டது கொப்பியாலதான் புடிபட்டது, உங்கட ஆளுக்கு வேற ஏதாவதா இருக்கும். தாங்க ஏலாட்டி மருந்து இருக்கு, வென்லஃபக்ஸின், கபபென்டின் மாதிரி, ஹோமோன் இல்லாதது. ஒண்டு மட்டும் ஞாபகம் வைங்க, டமொக்சிஃபன் (கீமோ முடிஞ்சி குடுக்கிற ஹோமோன் குளிசை, கீழ சொல்றன்) குடிக்கிற ஆளுக்கு பரொக்செட்டின், ஃபுளுவொக்செட்டின் எண்ட மனநிலைக் குளிசைகள் பொருந்தாது, டமொக்சிஃபன் உடம்புல வேல செய்ற வடிவத்துக்கு மாறுறத அதுகள் தடுக்கும். வேற டொக்டர்ட்டப் போனாலும் "நான் டமொக்சிஃபன் குடிக்கன்" எண்டு முதல் சொல்லுங்க.

இனி ரத்த டெஸ்ட். எஃப்எஸ்எச்சும் ஈஸ்ட்ரடயோலும் ஒருநாள் எடுத்த ஒரு நம்பரால ஒண்டும் முடிவாகாது, கீமோக்குப் பிறகு இது ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், இந்த மாசம் மெனோபோஸ் மாதிரி காட்டி மூணு மாசத்துல திரும்பின ஆக்கள் இருக்காங்க. ஏலுமெண்டா ஒரே லாப்புல எடுங்க. அலகையும் பாருங்க, ஒரு லாப் பிகோகிராம்ல குடுக்கும், இன்னொண்டு பிகோமோல்ல குடுக்கும், முதலாவத 3.67ஆல பெருக்கினாத்தான் ரெண்டாவது வரும். இது தெரியாம நாங்க ஒரு பின்னேரம் முழுக்க "ஹோமோன் நாலு மடங்கு ஏறிட்டு" எண்டு தலையில கைய வச்சிக்கொண்டு இருந்த நாங்க. டமொக்சிஃபன் குடிக்கக்குள்ள இந்த நம்பருகள் இன்னும் குழம்பும், அத டொக்டர்தான் வாசிக்க வேணும்.

இன்னொரு கள்ளன் பயோட்டின். முடி கொட்டினதும் கொழும்புல இருந்தோ வெளிநாட்டுல இருந்தோ யாராவது ஒரு போத்தல் "முடிக் குளிசை" அனுப்புவாங்க, அதுல பயோட்டின் பெரிய அளவுல இருக்கும். சில லாப் மெசினுகள்ல அது எஃப்எஸ்எச்சக் குறைச்சும் ஈஸ்ட்ரடயோலக் கூட்டியும் காட்டும், தைரொய்ட் டெஸ்ட்டையும் குழப்பும். 2017ல அமெரிக்க மருந்து நிர்வாகமே இதப் பத்தி எச்சரிச்சது. டெஸ்ட்டுக்கு எத்தன நாளைக்கு முந்தி நிப்பாட்டணும் எண்டு கேட்டு நிப்பாட்டுங்க, இல்லாட்டி குடிக்கிறதெண்டாவது சொல்லுங்க.

இப்ப நான் முதல்ல சொன்ன கதை. கீமோ முடிஞ்சா ஈஆர் பொசிட்டிவ் ஆக்களுக்கு ஹோமோன் குளிசை தொடங்கும், அஞ்சி வருசம், சிலருக்குப் பத்து. டமொக்சிஃபன் எண்டது ஈஸ்ட்ரஜன் வந்து பூட்டுற சாவித்துவாரத்த அடைக்கிற, சூலகம் ஓடினாலும் நிண்டாலும் குடுக்கலாம். லெட்ரசோல், அனஸ்ட்ரசோல் வேற சாதி. மாதவிடாய் முழுசா நிண்ட பொம்புளைக்குக் கொழுப்பிலயும் மத்த இடங்கள்லயும் கொஞ்ச ஈஸ்ட்ரஜன் உண்டாகும், அதத்தான் அது நிப்பாட்டும். சூலகம் தூங்கி எழும்பக்கூடிய ஆளுக்கு அத மட்டும் குடுத்தா என்ன நடக்கும் தெரியுமா, ஈஸ்ட்ரஜன் விழுந்ததக் கண்டு போடியார் இன்னும் பலமாச் சத்தம் போடுவார், சூலகம் எழும்பிரும். 2006ல பிரிட்டன்ல வந்த ஒரு ஆய்வுல, கீமோல மாதவிடாய் நிண்டு போய் இந்தக் குளிசை தொடங்கின 45 பேர்ல 12 பேருக்குச் சூலகம் திரும்ப வேல செஞ்சிச்சு, ஒராள் கர்ப்பமாயிட்டா. அவங்கள்ல கனபேர் 40 தாண்டினாக்கள்.

அக்காக்கு என்ன நடந்தது எண்டா, ஒரு தனியார் இடத்துல வேற வருத்தத்துக்குக் காட்டப் போனப்ப "பீரியட்ஸ் இல்லையா" எண்டு கேட்டாங்க, அக்கா "நிண்டுட்டு" எண்டா, அவங்க டமொக்சிஃபன விட்டு லெட்ரசோல் எழுதித் தந்திட்டாங்க. கீமோவால நிண்டது, ஆறு மாசம்தான், வயசு 38 எண்டு அக்காவும் சொல்லல்ல அவங்களும் கேக்கல்ல. ஃபார்மசிக்குப் போக முந்தி கிளினிக் மிஸ்ஸுக்குக் கோல் எடுத்தன், "வாங்காதீங்க, திங்கட்கிழமை கொப்பியோட வாங்க" எண்டா. அதால சொல்றன், ஆரு கேட்டாலும் "நிண்டுட்டு" எண்டு ஒத்தச் சொல்லுல முடிக்காதீங்க, "கீமோக்குப் பிறகு இத்தன மாசமா வரல்ல" எண்டு சொல்லுங்க. இள வயசாக்களுக்கு லெட்ரசோல் வகை குடுக்கிறதெண்டா கொசரலின் ஊசியால சூலகத்தக் கட்டி வச்சித்தான் குடுக்கிற. லெட்ரசோல் குடிக்கக்குள்ள ஒரு துளி ரத்தம் பட்டாலும் அண்டைக்கே அறிவிக்க வேணும். டமொக்சிஃபன் குடிக்கிறவங்களும் வழமைக்கு மாறான ரத்தப்போக்கு, ஒரு கால் மட்டும் வீங்கி நோகுறது, மூச்செடுக்கக் கஷ்டம், இதுகளுக்குக் கிளினிக் நாள் வரும் வரைக்கும் பாத்துக்கொண்டு இருக்கக்கூடா.

எதிர்வீட்டு மாமிட "புள்ளப் பயம் இல்ல" கதைக்கும் பதில் இதுலயே இருக்கு. மாதவிடாய் வராமலே முட்டை வெளிப்படலாம், முதல் முட்டை வந்த பிறகுதானே முதல் ரத்தம். கீமோவும் டமொக்சிஃபனும் வயித்துப் புள்ளைக்குக் கூடாது. குடும்பநல மாதுட்டக் கர்ப்பத்தடைக்குப் போனா டெப்போ ஊசியோ கையில வைக்கிறதோ குளிசையோ சொல்லுவாங்க, அதெல்லாம் ஹோமோன், மார்புப் புத்துநோய் எண்டு சொன்னா அவங்களே மாத்துவாங்க. கொப்பர் லூப், கொண்டம், இல்லாட்டி நிரந்தரமா ஒண்டு. புள்ள வேணுமெண்டு ஆசைப்படுறவங்களுக்கும் கதவு பூட்டல்ல: 2023ல வந்த பொசிட்டிவ் ஆய்வுல, 42 வயசு வரைக்கும் உள்ள ஆக்கள், 18ல இருந்து 30 மாசம் குளிசை குடிச்சிட்டு, கொஞ்சக் காலம் நிப்பாட்டிப் புள்ள பெத்திருக்காங்க, அந்தக் குறுகிய காலத்துக்குள்ள நோய் திரும்பினது கூடல்ல. ஆனா அது திட்டம் போட்டுச் செய்ற வேல, தானா விட்டுப் பாக்கிற வேலயில்ல.

ஆரும் வாய் திறக்காத விசயம், கீழ வறட்சி. ஈஸ்ட்ரஜன் இல்லாட்டி அந்த இடம் காய்ஞ்சி எரியும், புருசன் பெஞ்சாதிக்குள்ள சண்டை மாதிரிப் போகும். தண்ணியில செஞ்ச ஜெல் ஃபார்மசியில இருக்கு. தேங்காயெண்ணெய் பூசினா கொண்டம் கிழியும், அது தெரிஞ்சிருக்கட்டும். ஈஸ்ட்ரஜன் கிறீம் யாராவது தந்தா ஒன்கொலஜி டொக்டர்ட்டக் கேக்காம தொடாதீங்க.

எலும்புக்கு: ஈஸ்ட்ரஜன் போனா எலும்பு மெலியும், லெட்ரசோல் எண்டா இன்னும். நெத்தலி, எருமைத் தயிர், குரக்கன், விடியக் கடற்கரையில ஒரு நடை, விட்டமின் டியும் எலும்பு ஸ்கேனும் டொக்டர்ட்டக் கேட்டு.

மூஞ்சி ஊதுறது, நித்திரை வராம ராவு முழுக்கக் கதைக்கிறது, சீனி ஏறுறது, இதுகளுக்கு சூலகத்தக் குறை சொல்ல வேணாம். கீமோவோட குடுக்கிற டெக்ஸமெதசோன் எண்ட ஸ்டீரொய்டும் ஒரு வகை ஹோமோன்தான். சீனி உள்ளாக்கள் அந்த மூணு நாலு நாளும் கூடப் பாக்க வேணும், குளிசையக் காலையிலயும் பகலைக்கும் எடுக்கலாமா எண்டு கேளுங்க, ராவைக்கு எடுத்தா நித்திரை போச்சு.

கசாயக் கதை. "சூடு தணிய" எண்டு சாத்தாவாரித் தூள், பேர் இல்லாத லேகியம் எல்லாம் வீட்டுக்கு வரும், கொண்டு வாறவங்க அன்பாத்தான் கொண்டு வாறாங்க. இலைக்கஞ்சி, சோயா மீற்றெல்லாம் சாப்பாட்டளவுல பயமில்ல. தூளாவும் குளிசையாவும் செறிவா வாறதுதான் வேணாம், அதுல சிலது ஈஸ்ட்ரஜன் மாதிரி நடிக்கும். மெனோபோஸுக்குக் குடுக்கிற ஹோமோன் குளிசையே இந்த நோய் வந்தவங்களுக்குக் கூடாது, அத வச்சி சுவீடன் பக்கம் நடந்த ஹபிட்ஸ் ஆய்வ, நோய் திரும்ப வாறது கூடினதால 2004க்கு முந்தியே நிப்பாட்டிட்டாங்க.

அக்காட கொப்பில ஒன்பதாம் மாசத்துப் பக்கத்துல "லேசா, ஒருநாள்" எண்டு இருக்கு. மறு மாசம் மூணு நாள். அண்டைக்கு லெட்ரசோல் மட்டும் குடிச்சிக்கொண்டிருந்தா அது என்னத்தக் கிளப்பியிருக்குமோ. இப்ப டமொக்சிஃபனோட வயித்துல கொசரலின் ஊசி. ஊசி கொஞ்சம் தடிப்பு, போட முந்தி ஐஸ் வச்சி விறைக்க வச்சா சுகம். இது 28 நாளைக்கு ஒருக்கா, மாசத்துக்கு ஒருக்கா இல்ல. போன தரம் 5ஆந் திகதி போட்டது எண்டு இந்தத் தரமும் 5ஆந் திகதி போனா ரெண்டு மூணு நாள் பிந்தும், அப்பிடி நாள் பிந்தப் பிந்தச் சூலகம் கண் முழிக்கப் பாக்கும். நாங்க கோயில் கலண்டர்ல நாலாம் கிழமை அதே கிழமை நாளுக்குச் செவப்புப் பேனையால வட்டம் போடுற, அக்காக்கு செவ்வாய், அதால எப்பவும் செவ்வாய்தான்.